வலது பக்கத்து சீட்

திருச்சிராப்பள்ளி நகர எல்லைக்குள் ஒரு மோட்டார் வாகனத்தை ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுத்து அழைத்த ஒரே மனிதர் எங்கள் லெஃப்ட் சார்தான். பெற்ற மகனை ‘டேய்’ என்பார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை ‘யோவ்’ என்பார். வாசலில் நின்ற ஜீப்பை மட்டும் ‘பெரியவர்’ என்பார். காரணம் கேட்டால், “என்னைவிட ரெண்டு வயசு மூத்தவருங்க. பேர் சொல்லியா கூப்பிட முடியும்?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் வங்கி உத்தியோகத்தில் மாற்றலாகி வந்து, தென்னூரில் அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். வீடு பார்க்கப் போன அன்று, கல்யாணம் ஆகிவிட்டதா, எந்த ஊர், என்ன சம்பளம் என்று அவர் எதையும் கேட்கவில்லை. “வண்டி தள்ளிப் பழக்கம் உண்டுங்களா?” என்று மட்டும் கேட்டார். வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் “உண்டுங்க” என்றேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் கதவு தட்டப்பட்டது.

பெரியவர் தானாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை. பால்காரர், பேப்பர்காரர், முனைக்கடை பாய், நான் என்று நாலு பேர் பின்னால் நின்று தள்ள வேண்டும். மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது ஒரு இருமல் இருமுவார். ஐந்தாவது வீட்டில் எங்கள் நாலு பேர் முகத்திலும் கரும்புகையை ஊதிவிட்டுக் கிளம்புவார். நாங்கள் மூச்சு வாங்க நிற்போம். சார் திரும்பிப் பார்த்து, “பெரியவர் உங்களுக்கு நன்றி சொல்றார்” என்று கையை ஆட்டிவிட்டுப் போவார்.

ரயில்வே பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் சார். பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஜீப்பை இளவட்டத்தில் எடுத்திருந்தார். பச்சை பெயின்ட், மேலே கான்வாஸ் கூரை, கதவென்று ஒன்றும் கிடையாது. பெரியவர் எந்தப் போரில் கலந்துகொண்டார் என்று ஒருநாள் கேட்டேன். “அவரா சொன்னதில்லை. நானும் கேட்டுக்கலை. பழசைக் கிளறக் கூடாது பாருங்க” என்றார். அதில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது சட்டம். கழற்றிய செருப்புகளை ஒரு சாக்குப் பையில் போட்டு, பின்சீட்டில் உட்காருகிறவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியில் பெட்டகச் சாவி என்னை நம்பிக் கொடுக்கப்பட்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிடைத்த பொறுப்பு அந்தச் செருப்புப் பை.

‘லெஃப்ட் சார்’ என்ற பெயருக்கு வருகிறேன். பெரியவருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் எல்லா வண்டிக்கும் வலது பக்கம் டிரைவர். முன்னால் பஸ் போனால் தலையை லேசாக வெளியே நீட்டி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து முந்திக்கொள்ளலாம். சாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சாலையோரத்துப் புளிய மரமும் பெட்டிக்கடையும் தெரியும். முன்னால் போகிற பஸ்ஸின் முதுகு தெரியும். எதிரே வருவது மட்டும் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல வலது பக்கத்து சீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அவர் மனைவி. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். சாரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

டீச்சரின் அப்பா கரூர் ரோட்டில் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். அதனால் டீச்சருக்குச் சாலை விஷயத்தில் இரண்டே வார்த்தைதான். போகலாம் என்றால் “ரைட்!” நிற்க வேண்டும் என்றால் “ஹோல்டான்!” கல்யாணமான மறுநாள் டீச்சரின் ஊரான ஜீயபுரத்திலிருந்து தென்னூருக்கு இதே ஜீப்பில் மணமகளை அழைத்து வந்திருக்கிறார் சார். வழியில் வைக்கோல் லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போகிறது. சாருக்கு முந்தவும் தெரியவில்லை, புது மனைவியிடம் பேசவும் தெரியவில்லை. பட்டுப்புடவையோடு டீச்சர் வெளியே எட்டிப் பார்த்து, “ரைட், போங்க!” என்று ஒரு குரல் கொடுத்தாராம். “அதான் தம்பி அவ என்கிட்ட பேசின முதல் வார்த்தை” என்று சொல்லும்போது சாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அறுபது வயதில் அவ்வளவு வெட்கப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போகக் காவிரிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். பரீட்சை சமயம். டீச்சர் மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. எதிரே நின்ற போக்குவரத்துக் காவலர் ஊதிய விசில் அம்மா மண்டபம் வரை கேட்டிருக்கும். வண்டி நின்றது. ஓடி வந்தவர் டீச்சர் பக்கம் வந்து மூச்சிரைத்தார்.

“ஏம்மா! வண்டி ஓட்டிக்கிட்டே பேப்பர் திருத்துறீங்களா?”

“இருங்க, கூட்டல் போட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் டீச்சர், தலை நிமிராமல்.

“ஸ்டியரிங் எங்கம்மா? ஸ்டியரிங்கையே காணோமே!”

டீச்சர் சிவப்புப் பேனாவால் பக்கத்தில் காட்டினார். “அவர்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்.”

காவலர் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். சாரைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். பின்னால் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். “பையில என்ன?” என்றார். “செருப்புங்க” என்றேன். அவர் இரண்டடி பின்வாங்கினார். போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

டீச்சருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அந்த சீட்டுக்கு வேறு ஆள் போட்டுப் பார்த்ததும் உண்டு. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகன் ஒருநாள் உட்கார்ந்தான். முன்னால் டவுன் பஸ். “போகலாம்னு நினைக்கிறேன்ப்பா” என்றான். சார் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, “டேய், நினைக்கிறவனுக்கெல்லாம் இது இடமில்லை. எந்திரி” என்று பின்னால் அனுப்பிவிட்டார். அடுத்து முனைக்கடை பாய். மனிதர் நிதானஸ்தர். ரோடு காலியா என்று சார் கேட்டால், “இப்ப காலி. அடுத்த நிமிஷம் யார் கண்டா?” என்பார். ஜீயபுரம் வரை ஒரு வைக்கோல் லாரியின் பின்னாலேயே போய், இறங்கியபோது பாயின் தாடியில் பாதி வைக்கோலாக இருந்தது. “இன்ஷா அல்லாஹ், திரும்பறப்ப நான் பஸ்ஸுல வந்துக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டு உடனே ஏறியும் போய்விட்டார்.

ஆனால் பெரியவரைச் சும்மா சொல்லக் கூடாது. ஒரு மழைக்கு ரயில்வே பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் தெரு டாக்டரின் புத்தம்புதுக் கார் நடுவில் நின்றுவிட்டது. “காலங்கார்த்தால இந்தத் தகர டப்பா சத்தம் தாங்கலை” என்று சாரிடம் மாதம் ஒருமுறை சண்டைக்கு வருகிறவர் அந்த டாக்டர். சார் சின்ன கியர்க் குச்சியைத் தட்டி நாலு சக்கரத்தையும் இழுக்க வைத்தார். கயிறு கட்டிப் பெரியவர் காரைக் கரையேற்றினார். டாக்டர் நனைந்து நடுங்கிக்கொண்டே, “எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்” என்றார். “எனக்கு எதுக்குங்க? அவருக்குச் சொல்லுங்க” என்றார் சார். கொட்டுகிற மழையில், எம்.டி. படித்த மனிதர் ஜீப்பின் முன்னால் நின்று “ரொம்ப நன்றிங்க” என்று சொன்னதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பெரியவருக்கு ஒரு காதலரும் உண்டு. கோயம்புத்தூரில் பழைய வண்டிகளாகச் சேர்த்து வைத்திருக்கும் மில்காரர். ஒருமுறை நேரில் வந்து பார்த்துச் சொக்கிப்போய், கேட்ட விலை தருகிறேன் என்றார். சார் அவருக்கு ஒரே பதில் சொன்னார். “டீச்சர் அந்த சீட்டுல உக்கார முடியாம இறங்குற அன்னிக்கு வாங்க. அவ பார்த்துச் சொல்லாம என்னால ஓட்ட முடியாது. அப்புறம் எனக்கெதுக்கு?” அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் மில்காரர் போன் செய்து, “டீச்சரம்மா சௌக்கியமா இருக்காங்களா?” என்று விசாரிப்பார். “ரொம்ப நல்லா இருக்காங்க” என்று சார் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். ஒரு பெண்மணி ஆரோக்கியமாக இருப்பதற்காக அவ்வளவு வருத்தப்பட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது.

டீச்சரும் ஓய்வு பெற்று, தெருப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் வாடகை ரசீதுக்காகக் கீழே போனேன். பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு துள்ளிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கணக்குக்கும் சரி போட்டிருந்தது. அதில் ஏழும் எட்டும் பன்னிரண்டு என்று ஒரு கணக்கு. வங்கிக்காரனுக்கு அது கண்ணில் படாமல் போகுமா? அரை மார்க் விட்டுத்தராத டீச்சரின் சிவப்பு மை, நோட்டைத் தாண்டி மேஜை விரிப்பிலும் ஓடியிருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பினேன். டீச்சரே பேசினார்.

“பார்த்துட்டீங்க இல்ல?”

“எவ்வளவு நாளா டீச்சர்?”

“ஆறு மாசமா. கண் நரம்பாம். போனது திரும்பாதுன்னு கண் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆள் நிழலா தெரியும், அவ்வளவுதான்.”

“சாருக்கு…”

“சொல்லிடாதீங்க தம்பி.” சட்டென்று என் பக்கம் திரும்பினார், ஆனால் பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ போனது. “தெரிஞ்சா மறுநாளே கோயம்புத்தூருக்குப் போன் போட்டுடுவார். சொன்ன சொல்லு மாற மாட்டார். பெரியவர் இல்லாம அந்த மனுஷர் என்ன பண்ணுவார்? பொழுது விடிஞ்சா எதைத் துடைப்பார்? யார்கிட்ட பேசுவார்?”

“அப்ப இந்த ஆறு மாசமா ரோட்டுல எப்படி…?”

“ஹோல்டான்னே சொல்லிக்கிட்டிருக்கேன். ட்ராஃபிக் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கார்.”

வண்டியில் ஏறாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்த அம்மாள் மேஜை விரிப்பில் கறையைத் தடவித் தேடிய விதத்தைப் பார்த்த பிறகு, புத்திசாலித்தனமாக நடந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் இருவருமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வலது சீட்டின் முதுகில் ஓர் இரும்புக் குழாய் உண்டு. அதற்கு நேர் பின்னால் நான் உட்கார்ந்து, தலையை நீட்டி ரோட்டைப் பார்க்க வேண்டியது. காலியாக இருந்தால் குழாயில் ஒரு தட்டு. வண்டி வந்தால் இரண்டு தட்டு. அந்த அதிர்வு முதுகில் பட்டதும் டீச்சர் குரல் கொடுப்பார்.

அடுத்த ஞாயிறு கரூர் ரோட்டில் முதல் ஒத்திகை. முன்னால் ஒரு பஸ். எட்டிப் பார்த்தேன், கண்ணுக்கு எட்டிய வரை காலி. ஒரு தட்டு. “ரைட்!” என்று டீச்சர் போட்ட குரலில் வாழைத்தோப்பில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன. ஆறு மாதம் கழித்துப் பெரியவர் ஒரு பஸ்ஸை முந்தினார். சார் சந்தோஷத்தில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். டீச்சர் சிரித்தது, பின்னால் இருந்த எனக்குத் தோள் குலுங்குவதாகத்தான் தெரிந்தது.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, சார் முன் கண்ணாடிக்கு நடுவில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். அத்தனை வருஷமாக அப்படி ஒன்று இல்லை. பின்னால் வருகிறவர்களைப் பார்க்க வேண்டாமா என்றார். ஆனால் அதைக் கோணலாக மாட்டியிருந்தார். பின்னால் இருக்கிற ரோடு அதில் தெரியாது, நான்தான் தெரிவேன். “கண்ணாடி திரும்பியிருக்கு சார்” என்றேன். “இருக்கட்டும் தம்பி. செருப்பு பத்திரமா இருக்கான்னு பார்த்துக்கணும்ல?” என்றார்.

ஒருமுறை மட்டும் விபரீதமாகப் பார்த்தது. லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். எதிரே இன்னொரு லாரி வருகிறது. இரண்டு தட்டுவதற்குக் கையைக் கொண்டுபோனபோது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மிய வேகத்தில் கை குழாயில் ஒரே ஒரு இடி. “ரைட்!” என்றார் டீச்சர் கம்பீரமாக. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிர் லாரி தன் பாட்டுக்குப் போயிற்று. சார் முந்தவே இல்லை.

“ஏங்க, ரைட் சொன்னேனே?” என்றார் டீச்சர்.

“பெரியவருக்கு மூச்சு வாங்குது டீச்சர். மெதுவா போவோம்” என்றார் சார்.

அன்றைக்குப் பெரியவரின் மூச்சிரைப்புக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன். ஜீயபுரத்தில் டீச்சரின் தம்பி வீட்டில் வாழையிலை போட்டுப் பரிமாறிய சாப்பாட்டில் பாதியை வைத்து இலையை மூடிவிட்டேன்.

மூன்று வருஷம் இப்படி ஓட்டினோம். அப்புறம் ஒரு காய்ச்சல். பத்தே நாளில் டீச்சர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகன் பேச்செடுத்தான். “இனிமே யார்ப்பா பார்த்துச் சொல்வாங்க? குடுத்துடலாம்.” சார் தலையாட்டினார். கோயம்புத்தூருக்குப் போன் போயிற்று. மில்காரர் உண்மையாகவே அழுதார் என்று மகன் சொன்னான். திங்கட்கிழமை லாரியோடு வந்து எடுத்துப்போவதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தைய ஞாயிறு காலை என் கதவு தட்டப்பட்டது. “தம்பி, ஒரே ஒரு தடவை ஜீயபுரம் போயிட்டு வந்துடுவோம்” என்றார். தெருவே வந்து தள்ளியது. டாக்டரும் தள்ளினார். பெரியவர் இருமிக் கிளம்பியதும், இனி நான்தானே சொல்ல வேண்டும் என்று வலது சீட்டில் ஏறப்போனேன். அதில் டீச்சரின் பழைய மெத்தைத் துண்டு அப்படியே கிடந்தது.

“அங்க இல்லை தம்பி. உங்க இடம் பின்னாடி” என்றார் சார்.

பின்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டே ஜோடி செருப்பு. பை லேசாக இருந்தது. குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் வந்து சேர்ந்தது. சார் அதன் பின்னாலேயே ஓட்டினார். நான் பழக்க தோஷத்தில் எட்டிப் பார்த்தேன். ரோடு காலி. கை தானாகப் போய், யாருமில்லாத சீட்டின் குழாயில் ஒரு தட்டுத் தட்டியது. தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

பெரியவர் சட்டென்று வலது பக்கம் ஒடித்து, பஸ்ஸை முந்தி, திரும்ப இடது பக்கம் வந்து சேர்ந்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோணல் கண்ணாடியில் சாரின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சார்…”

“உங்க கையைப் பார்த்துத்தான் தம்பி மூணு வருஷமா ஓட்டினேன்.”

நான் கையைக் குழாயிலிருந்து எடுத்தேன். அவரே சொன்னார். “ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. முன்னாடியெல்லாம் ரைட் சொல்றதுக்கு முந்தி தலை வெளிய போகும். அப்ப தலை அசையவே இல்லை. குரல் மட்டும் வந்துச்சு. அன்னிக்கு நீங்க தும்மினதும் கண்ணாடியில தெரிஞ்சுது.”

“தெரிஞ்சே ஏன் சார் ஒண்ணும் கேக்கலை?”

“கேட்டா இறங்கிடுவா. என்னால உங்களுக்கு ஆபத்துன்னு சொல்லி அன்னிக்கே இறங்கிடுவா. அப்புறம் கூட்டியார முடியுமா?”

“டீச்சர் என்ன நினைச்சாங்க தெரியுங்களா? பெரியவரை வித்துட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்…”

சார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “இது வெறும் வண்டி தம்பி. அவ பக்கத்துல உக்காந்து வர்றதுக்காக வச்சிருந்தேன்.”

அவர் வாயிலிருந்து பெரியவரை ‘வெறும் வண்டி’ என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொன்ன மறுகணமே பதறிப்போய் டேஷ்போர்டைத் தடவிக்கொடுத்து, “கோவிச்சுக்காதீங்க, ஏதோ வாய்தவறி வந்துடுச்சு” என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஜீயபுரம் வரும் வரை இன்னும் நாலு வண்டியை முந்தினோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் காலி சீட்டின் முதுகில்தான் தட்டினேன்.

திங்கட்கிழமை மில்காரர் லாரியும் மாலையுமாக வந்து இறங்கினார். சார் அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கணும். டீச்சர் இன்னும் சீட்டை விட்டு இறங்கலைங்க. இறங்கினதும் நானே போன் பண்றேன்.” மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மில்காரர் அவனைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். வெளியே வந்து, கொண்டுவந்த மாலையைப் பெரியவருக்கே போட்டுவிட்டு, வெறும் லாரியோடு ஊர் திரும்பினார்.

நான் இப்போது ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். சாருக்கு எண்பது நெருங்குகிறது. பெரியவர் எண்பதைத் தாண்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என்னை ஏற்றிக்கொள்ள ராஜகோபுரத்துக்கு வந்துவிடுவதாக முதல் நாளே போனில் சொல்வார். தென்னூரிலிருந்து இங்கே வரும் வரை பின்சீட்டில் ஆள் கிடையாது. அதனால் எந்த வண்டியையும் முந்த மாட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எந்த டவுன் பஸ் முன்னால் வந்து சேருகிறதோ, அது நிற்கும் இடமெல்லாம் தானும் நின்று, பாலத்தைக் கடந்து, ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேருவார். ஒரு ஞாயிறுகூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.

நான் ஏழே முக்காலுக்கே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன்.